அந்த ஒரு எழுத்தைத் திருத்தாதீர்கள்

இந்தப் பீங்கான் எஸ்டேட்டில் இன்றைக்கும் நிற்கிற வட்டச் சூளைகளில் பாதிக்கு மேல் நான் மாடம் வளைத்தவை. பலகை முட்டுக்கொடுக்காமல் ஒரு ஆணியையும் ஒரு கயிற்றையும் வைத்து வளைத்தேன். விழும் என்றார்கள், விழவில்லை. விறகில் எரிந்துகொண்டிருந்த சூளையை எண்ணெய்க்கு மாற்றிய முதல் ஆள் நான். எண்ணெய் போய் கேஸ் வந்தபோதும் முதல் பர்னரைப் பற்றவைத்தது இந்தக் கைதான். கம்மாபுரம் பக்கம் எங்கள் கொல்லை நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போன பிறகு ஒரு சைக்கிளும் நாலு பாத்திரமுமாக வந்த குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்துக்கு விருத்தாசலத்தில் மாடி வீடு கட்டினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், இரண்டு பெண்களையும் காலேஜ் முடிக்க வைத்தேன். பழைய வீடு எதிலாவது மின்சாரப் பலகையைத் திறந்து பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் ப்யூஸ் கட்டை இருக்கும். அதில் எத்தனை நான் சுட்டது என்று எனக்கே சொல்லத் தெரியாது.

இவ்வளவிலும் என் பெயர் எங்கேயும் இல்லை. நான் கேட்டதும் இல்லை. ஆனால் ஒரு வரி இருக்கிறது. அதில் மட்டும் என் பெயர் வேண்டும்.

இந்தக் கோடையில் எஸ்டேட் வாசலில் சங்கம் ஒரு பெரிய போர்டு வைத்திருக்கிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து. ‘வேர்வை நின்னா வேளை நிக்கணும்’ என்று எழுதி, கீழே சங்கத்தின் பெயர். போய்ப் பார்த்துவிட்டு நேரே ஆபீசுக்குள் போனேன். செயலாளர் பாலு ஒரு காலத்தில் எங்கள் கம்பெனியில் கணக்கு எழுத வந்த பிள்ளை. என்னை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

“பாலு, வாசல்ல எழுதியிருக்குதே, அது யாரு சொன்னது?”

“பொதுவா சொல்றதுதானே மாமா. பெரியவங்க வாக்கு.”

“எந்தப் பெரியவங்க?”

“பெரியவங்கன்னா பெரியவங்கதான். அத வுடுங்க. அதுல ஒரு எழுத்து தப்பு. ‘வேலை’ன்னு போடறதுக்கு ‘வேளை’ன்னு போட்டுட்டான் பெயிண்டரு. திங்கக்கெழம வந்து திருத்திடுவான். நீங்க சங்க மலருக்கு ஒங்க அனுபவத்த எழுதிக் குடுங்க. இந்த வருஷம் வெயிலப் பத்திதான் மலரே.”

சரி, எழுதுகிறேன். ஆனால் உட்கார முடியவில்லை. ஃபேன் சுற்றுகிறது, வருவது காற்று இல்லை, அனல். ஒரு பத்தி எழுதுகிறேன், எழுந்து போய்த் தரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறேன், வாசலுக்கு வந்து எஸ்டேட் பக்கம் எட்டிப் பார்க்கிறேன். பெயிண்டர் முன்னாலேயே வந்துவிடுவானோ என்று வேறு இருக்கிறது. கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழில் கற்ற கதையை நீட்ட மாட்டேன். மண் மிதித்தேன், விறகு பிளந்தேன், சாகர் சுமந்தேன். பொருளை உள்ளே வைத்துச் சூளையில் அடுக்குகிற சுடுமண் பெட்டிக்குச் சாகர் என்று பெயர். சுட்டு முடித்த பிறகு உள்ளே போய் அதைத் தலையில் தூக்கி வெளியே கொண்டுவருவதுதான் சூளை இறக்குவது. பிறகு தீ போடுகிறவன் ஆனேன். என்னை ஆளாக்கியவர் சம்பந்தம் மேஸ்திரி.

மேஸ்திரி குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. எதற்கும் ‘இருக்கட்டும்’ என்பார். எண்ணெய் லாரி வரவில்லை என்றால் இருக்கட்டும், மழை பிடித்துக்கொண்டது என்றால் இருக்கட்டும். அந்த ஒரு சொல்லுக்குள் சரி என்பதும் கூடாது என்பதும் போடா என்பதும் இருக்கும். முகத்தைப் பார்த்து எது என்று தெரிந்துகொள்ள வேண்டியது நம் பாடு. சூளையிலிருந்து வருகிற உருப்படியை எடுத்து விரல் நகத்தால் சுண்டுவார். ணங் என்று மணி மாதிரி கேட்டால் வெந்தது. சொத்தென்று கேட்டால் வேகவில்லை. அதே விரலால் எங்கள் மண்டையையும் சுண்டுவார்.

எங்கள் பேச்சில் சுடாத பொருள் பச்சை, சுட்டது வெந்தது. ஆளுக்கும் அதே பேச்சுதான். புதிதாக வருகிறவன் பச்சை. சூளைக்குள் போய் வந்தால் தொப்பலாக நனைந்து தண்ணீர்ப் பானையைத் தேடுவான். வருஷம் போகப் போக உடம்பு இறுகி வேர்வை குறையும் என்று நம்பினோம். உள்ளே போய்விட்டுச் சட்டை உலர்ந்து வருகிறவன் எவனோ, அவன் வெந்தவன். அவனைச் சூடு ஒன்றும் செய்யாது. இப்படிச் சொல்லிக் கொடுத்தது மேஸ்திரி. அவருக்கு அவருடைய மேஸ்திரி. என் மண்டையைச் சுண்டி, “கலியமூர்த்தி வெந்துட்டான்டா” என்று அவர் சொன்ன நாளில் ஷெட்டில் இருந்த அத்தனை பேருக்கும் மசால் வடை வாங்கிக் கொடுத்தேன். பின்னால் ஒரு டாக்டர், பழகின உடம்புக்கு வேர்வை கூடத்தான் செய்யும் என்று சொன்னார். அது பின்னால்.

சூளையை எப்போது திறப்பது என்பதற்கு ஒரு முறை உண்டு. தீ வைக்கும்போது கதவு வழியைச் செங்கல் அடுக்கி மண் பூசி அடைத்துவிடுவோம். தீ அணைந்து ஆறிய பிறகு மேல் வரிசையில் ஒரே ஒரு செங்கலை உருவுவோம். கம்பி நுனியில் ஒரு துண்டு நியூஸ் பேப்பரைச் செருகி உள்ளே நீட்ட வேண்டும். ஒரு வெற்றிலை மடிக்கிற நேரம் பொறுத்து வெளியே இழுக்க வேண்டும். பேப்பர் பழுத்து வந்தால் செங்கலைத் திரும்ப வைத்து மண் பூசிவிட்டுப் போய்விட வேண்டும். போன நிறத்திலேயே வந்தால் கதவைப் பிரிக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால் வெளிக்காற்று பட்டுப் பொருள் கீறும். ஆளுக்கு என்ன ஆகும் என்று அந்த முறையில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பொருளுக்காக வைத்த முறை அது.

என் இளமையில் தீ அணைத்து இரண்டு இரவு போனால் பேப்பர் வெள்ளையாக வரும். சித்திரையில்கூட விடியற்காலையில் மணிமுத்தாறு பக்கமிருந்து ஒரு காற்று வரும், சுவர் அதைக் குடித்து ஆறும். போகப் போக அது மூன்று இரவானது. நான் அதே சூளையைத்தான் எரித்தேன், அதே தீயைத்தான் போட்டேன். ராத்திரி ஆறவில்லை. ஆறாத ராத்திரியில் சூளை எப்படி ஆறும்? இதைச் சொன்னால் “கத்திரின்னா அப்படித்தான்டா இருக்கும்” என்பார்கள். கத்திரி வெயில் எனக்குத் தெரியாதா? அது வந்தால் போகும். இது வருஷத்துக்கு வருஷம் முன்னால் வந்து, பின்னால் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெயில் கூடினால் எங்களுக்கு ஆர்டர் கூடும். ஊரெல்லாம் ஃபேன் போட்டு, கூலர் போட்டு, வசதி உள்ளவர்கள் ஏசி போட்டால் ப்யூஸ் கருகும். கட்டையும் சேர்ந்து வெடிக்கும். உடனே புதிது வேண்டும். நாங்கள் இன்னும் கொஞ்சம் எண்ணெய் எரித்து இன்னும் கொஞ்சம் ப்யூஸ் கட்டை சுடுவோம். அந்த ஃபேனுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? எங்கள் கொல்லை இருந்த பள்ளத்திலிருந்து வெட்டிய நிலக்கரியிலிருந்து. இந்தச் சுற்று எனக்கு அப்போதே கண்ணில் பட்டது. ஆர்டர் வருகிற சந்தோஷத்தில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

அப்படி ஒரு கோடையில்தான் அது நடந்தது. பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். கத்திரி பிறக்கவே இன்னும் நாள் இருந்தது, ஆனால் மதியத்தில் ஷெட்டின் தகரக் கூரை தானாகவே படபடவென்று முறிகிற சத்தம் போட்டது. ப்யூஸ் கட்டை ஏற்ற லாரி வந்து வாசலில் நிற்கிறது. முதலாளி இரண்டு முறை போன் செய்துவிட்டார். மேஸ்திரி செங்கலை உருவிக் கம்பியை நீட்டினார், இழுத்தார். பேப்பர் டீ நிறத்தில் வந்தது.

“ஆறலைங்கண்ணே,” என்றேன்.

“லாரி நிக்குது. டீ கலருதானே? நீ வெந்தவன்தானடா.”

“இருக்கட்டும்ண்ணே,” என்று அவர் சொல்லையே அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

இதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்கு நினைவில்லை. பக்கத்து ஷெட்டில் கிளேஸ் முக்குகிற அம்சவேணியிடமும், லாரி ஓட்டி வந்த மங்கலம்பேட்டை காதர் பாயிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். சுடுவதற்கு முன்னால் பொருளை முக்கி எடுக்கிற பால் போன்ற கரைசலுக்குக் கிளேஸ் என்று பெயர். சூளையில் அது உருகித்தான் பளபளப்பு வரும். அம்சவேணி அந்தத் தொட்டியில் கை வைத்தால் ஒரு சொட்டு சிந்தாது. வாயும் அப்படித்தான், யார் பேச்சையும் சிந்த விடாமல் உடனே பதில் கொடுக்கும்.

முதல் நடைகளில் எனக்கு நன்றாக வேர்த்ததாம். பிறகு நின்றுவிட்டது. சட்டை காய்ந்து உப்பு மட்டும் கோடு கோடாக நின்றதாம்.

“என்னண்ணே, இஸ்திரி போட்ட சட்டயாட்டம் வர்றீங்க. பொண்ணு பாக்கவா போறீங்க?” என்று கேட்டிருக்கிறாள்.

மேஸ்திரி இறக்குகிற பையன்களைப் பார்த்து, “பாத்துக்குங்கடா. இந்த வெக்கையில ஒரு சொட்டு வேர்வ இல்ல. வெந்தவன்னா இவன்தான்,” என்றாராம். அவர்கள் கை தட்டினார்களாம். கை தட்டின சத்தம் மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. மழை என்று நினைத்தேன்.

அடுத்த நடையில் சாகரோடு வெளியே வந்து, வைக்க வேண்டிய மேடையைத் தாண்டி அம்சவேணி முன்னால் போய் நின்று, “நல்லூரு பஸ்ஸு போயிடுச்சா?” என்று கேட்டேனாம். எல்லோரும் சிரித்தார்கள், நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று. அப்போது தலையிலிருந்த சாகரை விட்டுவிட்டேன். என் கையிலிருந்து சாகர் விழுந்து யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் சிரிப்பு நின்றது.

அவள் என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “மேஸ்திரி, அண்ணன் ஒடம்பு சூளக் கதவாட்டம் கொதிக்குதுங்க. வெந்தவனுமில்ல ஒண்ணுமில்ல, ஆளு போறாரு,” என்று கத்தியிருக்கிறாள். நான் அவளைத் திட்டினேனாம். என்ன திட்டினேன் என்று கேட்டால் இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள்.

காதர் பாய் லாரியிலிருந்து குதித்து ஓடிவந்தார். துபாயில் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்தவர். “வேர்வ நின்னுபோச்சா? அப்ப வெறும் மயக்கம் இல்லைங்க இது. நான் அங்க பாத்திருக்கேன். நனைங்க, மொதல்ல நனைங்க. வாயில ஊத்தாதீங்க, பொரை ஏறிடும்.”

தண்ணீர் டிரம் காலி. குழாயில் இரண்டு நாளாகக் காற்றுதான். எல்லோரும் வாளியைத் தூக்கிக்கொண்டு திசைக்கு ஒருவராக ஓட, அம்சவேணி யோசிக்கவில்லை. கிளேஸ் தொட்டியில் வாளியை முக்கி என் தலையிலேயே கொட்டினாள். ஒன்று, இரண்டு, தொட்டியில் பாதி. பெண்கள் முறத்தையும் அட்டையையும் எடுத்து விசிறினார்கள். வெள்ளை வெளேரென்று, சூளைக்குள் அடுக்கப் போகிற பொம்மை மாதிரி கிடந்தேனாம். அப்படியே லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாசலில் இருந்த நர்ஸ் அம்மா, பெயிண்ட் குடித்த கேஸா என்று கேட்டாராம்.

அந்த நனைப்புதான் உயிரை நிறுத்தியது என்று டாக்டர் சொன்னார். நான் கண் விழித்தபோது மேஸ்திரி கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் வாழைப்பழம். குனிந்து நெற்றியில் ஒரு சுண்டு சுண்டினார். காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டார்.

“சத்தமே வரலடா கலியா. நீ பச்சதான்.”

“அண்ணே.”

“நானும் பச்சதான்டா. மனுசன் வேவக் கூடாது.”

நான் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் பார்க்க வந்த காதர் பாய் சொன்னது காதிலேயே இருந்தது. வளைகுடாவில் வெயில் காலத்தில் மத்தியானம் வெளிவேலை கூடாது என்று சட்டமாம். “இங்க ஏன் பாய் இல்ல?” என்றேன். “இங்க அவ்ளோ வெயில் கெடையாதுன்னு நெனச்சிருந்தாங்க. இப்ப இருக்குது. அவங்களுக்கு இன்னும் தெரியல,” என்றார்.

திரும்ப வேலைக்கு வந்த அன்றே ஒரு பச்சை ஓடு எடுத்தேன். பொம்மைக்குக் கண் எழுதுகிற கறுப்பில் குச்சியைத் தொட்டு எழுதினேன்: வேர்வை நின்னா வேளை நிக்கணும். சுண்ணாம்பில் எழுதினால் அழித்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் அந்த ஓட்டைச் சூளையில் வைத்துச் சுட்டேன். வெந்த எழுத்தை யார் அழிப்பது? கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பதித்தேன். அப்போது கணக்கு எழுத வந்திருந்த பாலு பார்த்துவிட்டுச் சிரித்தான். “மாமா, வேலைக்குச் சின்ன ‘லை’. நீங்க பெரிய ‘ளை’ போட்டுட்டீங்க.” “வெந்துட்டுது, என்ன பண்றது?” என்றேன். இதை அவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை.

அடுத்த சூளை ஆறி நின்றபோது முதலாளி உச்சிப் பொழுதில் வந்தார். திற என்றார். பேப்பர் வெள்ளையாகத்தான் வந்திருந்தது. “பொழுது சாஞ்சி இறக்கறோங்க,” என்றேன்.

“யாரு நேரம் சொல்றது, நீயா நானா?”

“ஒடம்பு சொல்லுதுங்க.”

“அப்ப நீ வூட்டுக்குப் போ. நான் வேற ஆள வச்சி இறக்கிக்கறேன்.”

பக்கத்து ஷெட்டிலிருந்து அம்சவேணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “வேற ஆளுன்னா அவங்களுக்கும் கிளேஸ் ஊத்தணுங்களே முதலாளி. தொட்டி பத்தாது,” என்றாள். அவளுக்குப் பின்னால் மற்ற பெண்களும் வந்து நின்றார்கள். முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் இல்லை என்றுவிட்டால் என் வேலை அன்றோடு போயிற்று. மேஸ்திரி கீழே வைத்திருந்த செங்கலை எடுத்தார், உருவின இடத்தில் செருகினார், மண்ணை வழித்துப் பூசினார். கையை உதறிவிட்டுச் சொன்னார்:

“இருக்கட்டுங்க.”

சூளை இருந்தது. பொழுது சாய்ந்து இறக்கினோம். அந்தக் கோடையிலிருந்து எங்கள் ஷெட்டில் மத்தியானச் சூளை கிடையாது. அடுத்த ஷெட்டுக்காரன் வந்து ஓட்டைப் பார்த்துவிட்டுப் போனான், அவன் சுவரில் அதையே எழுதினான். ஒவ்வொருவராக எழுதினார்கள். எல்லாரும் ‘ளை’தான் போட்டார்கள். நான் போட்டதைப் பார்த்துப் போட்டால் வேறு என்ன வரும்? இப்போது பெயிண்டர் செல்போனில் படம் பிடித்துப் போனதும் அந்தப் பழைய ஓட்டைத்தான். அவனையே கேட்டுவிட்டேன்.

போன மாதம் வெயிலைப் பற்றிக் கூட்டம் போட வெளியூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் மேலே அனுப்புகிற புகையில் கண்ணுக்குத் தெரியாத காற்று ஒன்று இருக்கிறதாம். அது வானத்தில் தங்கி, பூமியிலிருந்து வெளியே போக வேண்டிய சூட்டைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறதாம். அதனால்தான் வெப்ப அலை அடிக்கடி வருகிறது, வந்தால் நெடுநாள் நிற்கிறது என்றார். எனக்கு உடனே பிடிபட்டது. சூளைக்குப் புகைப்போக்கியில் ஒரு தகடு உண்டு. தீயைக் கூட்டாமலே சூட்டை ஏற்ற வேண்டுமென்றால் அந்தத் தகட்டைக் கொஞ்சம் சாத்தினால் போதும். போகிற சூடு போகாமல் உள்ளேயே சுற்றும். “தகட்டைச் சாத்திட்டோம், அதானேம்மா?” என்று கேட்டேன். “ஆமாங்கய்யா, கொஞ்சம் கொஞ்சமா சாத்திக்கிட்டே இருக்கோம்,” என்றார். அன்றிலிருந்துதான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் சூளையில் தகடு எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்தத் தகட்டுக்குக் கைப்பிடி எங்கே என்று எனக்குத் தெரியவில்லை.

மலரின் அட்டையில் ‘வெயிலுக்கு மனிதரே காரணம்’ என்று போடப் போவதாக பாலு சொன்னான். போடுங்கள், சரிதான். ஆனால் மனிதர் என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அதுவும் பெரியவங்க வாக்கு மாதிரி ஆகிவிடும். எல்லோரும் செய்ததாக எழுதினால் யாரும் செய்யாததாக முடியும். மனிதர் என்றால் யார்? முந்திரித் தோப்புகளை வெட்டி வண்டி வண்டியாக விறகு எரித்தது நான். எண்ணெய் எரித்தது நான். ஊருக்கே ப்யூஸ் கட்டை சுட்டுக் கொடுத்தது நான். நாலு ஜில்லாவுக்கு வெளிச்சம் போயிற்று என்றால் அதிலும் எனக்குப் பங்கு உண்டு, இந்தத் தகடு சாத்தினதிலும் எனக்குப் பங்கு உண்டு. என்னைவிடப் பெரிய சூளைக்காரர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் பங்கு பெரிது, அதை அவர்கள் எழுதட்டும். என் பங்கை நான் எழுதிவிட்டேன்.

அதனால் சங்கத்துக்கு என் கோரிக்கை இது. வாசல் போர்டில் அந்த வரிக்குக் கீழே ‘சொன்னவர்: சூளைக்காரர் கலியமூர்த்தி’ என்று எழுத வேண்டும். அதற்கு அடுத்து அம்சவேணியின் பெயர், அதே அளவு எழுத்தில். அவளிடம் கேட்டேன். “என் பேரு எதுக்குண்ணே? கிளேஸ் தொட்டி பேரப் போடச் சொல்லுங்க,” என்கிறாள். அவள் பேச்சைக் கேட்க வேண்டாம், போடுங்கள். சம்பந்தம் மேஸ்திரி இன்று இல்லை. இருந்திருந்தால் ‘இருக்கட்டும்’ என்றிருப்பார், அதற்கு இந்த முறை சரி என்றுதான் அர்த்தம்.

மலருக்கு எழுத்துப் பிழை பார்க்கிறவர் இந்தக் கட்டுரையில் என் தப்பையெல்லாம் தாராளமாகத் திருத்திக்கொள்ளட்டும். பெயிண்டரிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்: திங்கட்கிழமை வரும்போது அவன் என் பெயரை எழுத வரட்டும். அந்த ‘ளை’யைத் தொடக் கூடாது. அது நான் போட்டது.